ஸ்கைடைவிங் லைசன்ஸும் அத்தானிடம் இருக்கும் கார்டும்

கேள்வி: எனக்கு 28 வயது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 195,000 ரூபா வரும், வருட முடிவில் ஒரு மாதச் சம்பளம் போனஸ். அம்மாவுடன் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஸ்கைடைவிங் பழகி லைசன்ஸ் எடுப்பது பல வருட ஆசை. தாய்லாந்தில் பட்டாயா பக்கம் ஓரிடத்தில் 25 குதிப்புக்கு 3,200 டொலர் கேட்கிறார்கள். கிரெடிட் கார்டில் 620,000 ரூபா நிற்கிறது. அதில் 540,000 அத்தான் கடைக்குச் சாமான் எடுத்தது. இரண்டு வருடமாக மினிமம் தவறாமல் கட்டுகிறோம், அதற்கு அத்தான் மாதம் 25,000 தருகிறார், மிச்சம் நான் போடுகிறேன். வங்கி 14 வீத வட்டியில் நான்கு வருடத்துக்கு 10 லட்சம் லோன் தரத் தயார். மாதம் 15,000 கட்டும் சீட்டில் கடைசிச் சீட்டு என்னுடையது, மார்ச்சில் 3 லட்சம் வரும். லோனை எடுக்கலாமா? பயமாகவும் இருக்கிறது.

பதில்: லோனை எடுக்காதீர்கள். ஆசையையும் விட்டுவிடாதீர்கள். உங்களைத் தடுப்பது 3,200 டொலர் அல்ல, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன அந்தக் கார்டுதான்.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 12ஆம் திகதி மினிமம் 31,000 கட்டியிருக்கிறது. 14ஆம் திகதி புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் 18,200 இழுத்திருக்கிறது. இடையில் இரண்டே நாள். வட்டி வருடத்துக்கு 26 வீதம். அப்படியென்றால் 620,000க்கு மாத வட்டி மட்டும் கிட்டத்தட்ட 13,400. கட்டிய 31,000இல் அதைக் கழித்தால் கடனின் அசலில் குறைவது 17,600. அந்த 17,600ஐத்தான் அத்தான் இரண்டு நாளில் திரும்ப எடுத்துவிட்டார். இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தவறாமல் கட்டுவதாக நீங்கள் நம்புகிறீர்கள். கடன் அசையவே இல்லை.

வட்டியாக வருடத்துக்கு 160,000 போகிறது. உங்கள் பெக்கேஜில் ஒரு குதிப்பு சராசரியாக 128 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தால் 38,400. ஆக, வருடத்துக்கு நான்கு குதிப்பு, இரண்டு வருடத்தில் எட்டு. லைசன்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கனவே வங்கிக்குப் போய்விட்டது.

இதற்கு மேல் 10 லட்சம் லோன் எடுத்தால் தவணை 27,300 வரும். கார்டின் 31,000ஐயும் சேர்த்தால் சம்பளத்தில் 58,000 மாதத் தொடக்கத்திலேயே போய்விடும். நான்கு வருடத்தில் 10 லட்சத்துக்கு 13 லட்சத்துக்கும் மேல் திருப்பிக் கட்டியிருப்பீர்கள். அந்த நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பப் போய்க் குதிக்கக் கையில் காசு இருக்காது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஏனென்றால் இந்த லைசன்ஸ் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவைக்கும் சான்றிதழ் அல்ல. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முறைப்படி 'ஏ' லைசன்ஸ் (நீங்கள் எடுக்கப்போகும் முதல் நிலை லைசன்ஸ்) உள்ளவர் 60 நாள் குதிக்காமல் இருந்தால், தனியே குதிக்குமுன் ஒரு பயிற்றுநரிடம் மீள்பயிற்சி எடுக்க வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு அந்த இடைவெளியை நீங்கள் ஒவ்வொரு முறையும் தாண்டத்தான் போகிறீர்கள்.

பழகும்போதும் இதே கதைதான். முதல் நாள் தரையில் வகுப்பு. பிறகு 13,000 அடி அளவில் இரண்டு பயிற்றுநர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உங்களோடு குதிப்பார்கள். மணிக்கு 190 கிலோமீற்றருக்கு மேல் விழும் வேகத்தில், மணிக்கட்டில் இருக்கும் உயரமானியைப் பார்த்து 5,500 அடியில் நீங்களே பாராசூட்டை இழுக்க வேண்டும். படிப்படியாக ஒருவர் விலகுவார், பிறகு மற்றவரும் விலகுவார். ஒரு படியில் தவறினால் அதையே திரும்பச் செய்ய வேண்டும், அதற்குத் தனியாகக் காசு. இடையில் ஒரு மாதம் விட்டால் பழகியது கைவிட்டுப்போகும், பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். அதனால் 'கொஞ்சம் இந்த வருடம், மிச்சம் அடுத்த வருடம்' என்று பிரித்துப் போவதுதான் கூடுதல் செலவு. முழுக் காசையும் சேர்த்து, மூன்று கிழமை லீவு எடுத்து, ஒரே மூச்சில் முடியுங்கள். மழையும் காற்றும் சில நாட்களைத் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? 3,200 டொலர் 960,000 ரூபா. திரும்பச் செய்ய வேண்டிய குதிப்புகளுக்கு 15 வீதம், அதாவது 140,000. டிக்கெட், தங்குமிடம், சாப்பாட்டுக்கு 250,000. மொத்தம் 13.5 லட்சம்.

மார்ச்சில் வரும் சீட்டுக் காசை டிக்கெட்டுக்கு வைத்திருக்கிறீர்கள். வேண்டாம், அப்படியே கார்டில் போடுங்கள். மீதி 320,000ஐ வங்கி தரும் அதே 14 வீத லோனாக 24 மாதத்துக்கு மாற்றினால் தவணை 15,400. அத்தான் இப்போது தரும் 25,000ஐத் தொடர்ந்து தந்தால் தவணை போக 9,600 மிஞ்சும். இரண்டு வருடத்தில் அவர் கணக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அவர் ஒரு மாதம் தராவிட்டாலும் உங்கள் தலையில் விழுவது 31,000 அல்ல, 15,400தான். மிஞ்சும் 9,600, முடிந்துபோகும் சீட்டின் 15,000, இதுவரை மினிமத்துக்கு நீங்கள் கைக்காசு போட்ட 6,000, எல்லாம் சேர்ந்தால் மாதம் 30,000. போனஸோடு வருடத்துக்கு ஐந்தரை லட்சம். இரண்டரை வருடம், கொஞ்சம் கூடக் குறைய. உங்களுக்கு 31 வயதுகூட ஆகியிருக்காது.

சேர்க்கும் காசை நிலையான வைப்பில் போடுங்கள். 2022இல் டொலர் சில மாதங்களில் 200இலிருந்து 360 வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆகவே 13.5 லட்சம் சேர்ந்ததும் நின்றுவிடாமல் இன்னும் ஒன்றிரண்டு மாதம் சேருங்கள். 'டொலர் கொயின்' (டொலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயம்) வாங்கி வைத்தால் பயமில்லை என்று ஒபிஸ் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கிரிப்டோவுக்கு இலங்கையில் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்துவிட்டது. இந்தக் காசு அங்கே போகக் கூடாது. பழைய பாராசூட் செட் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் இப்போது வாங்காதீர்கள். புதியவர்கள் பெரிய பாராசூட்டில் பழகிப் படிப்படியாகத்தான் சிறியதுக்கு இறங்குவார்கள், அதுவரை வாடகை செட் போதும். பயணக் காப்புறுதி பொதுவாக ஸ்கைடைவிங்கை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல், விலக்குகள் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். உங்களை நம்பி அம்மா இருக்கிறார்.

அத்தானிடம் இதைத் தனியாகச் சொல்லாதீர்கள். அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும், ஸ்டேட்மென்டை மேசையில் வைத்துப் பேசுங்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்க அவருக்கு லேசான வழி உங்கள் கார்டு, அவ்வளவுதான். மாதம் 25,000 எந்தத் திகதியில் தருவார் என்று ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்து வையுங்கள். கார்டைக் கையோடு திருப்பி வாங்குங்கள். அடுத்த 14ஆம் திகதிக்கு முன்னால் வங்கிக்குப் போன் பண்ணி அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள்.