டி.பி.எஸ். கடிதம் வந்தால் என்ன செய்வது? – கேள்வி பதில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளோடு பணிபுரிய ஒருவருக்குத் தடை போடும் அரசு அமைப்பு டி.பி.எஸ். அது பற்றி வந்த சில கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

போலீஸ் என் மேல் வழக்கே போடவில்லை. ஆனாலும் தடை செய்ய உத்தேசம் என்று கடிதம் வந்திருக்கிறது. இப்படிச் செய்ய முடியுமா? (நர்சரி ஊழியர்)

முடியும். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். டி.பி.எஸ்ஸுக்கு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பட்டால் போதும்.

பதில் தர 8 வாரம் உண்டு. என்னிடம் வந்த ஒருவர் கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "நான்தான் தப்பே பண்ணலையே" என்று இருந்துவிட்டார். அடுத்து வந்தது தடை உத்தரவு. பதில் எழுதும்போது உங்கள் நற்குணத்தை நாலு பக்கம் விவரிக்காதீர்கள். அன்றைய ஷிப்ட் அட்டவணையையும், கூட இருந்தவர் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேருங்கள்.

தடை வந்துவிட்டது. அப்பீல் உண்டா?

உண்டு. 3 மாதத்துக்குள் அப்பர் டிரிபியூனலில் (இந்த அப்பீல்களைக் கேட்கும் தீர்ப்பாயம்) அப்பீல் செய்ய அனுமதி கேட்க வேண்டும். காரணங்கள் இரண்டுதான்: சட்டத்தில் பிழை, அல்லது நடந்ததைப் பற்றிய முடிவில் பிழை. தடை பொருத்தமா என்று டிரிபியூனல் பார்க்கக் கூடாது என்று இந்தத் தடைகளுக்கான 2006 சட்டம் கையைக் கட்டிவிட்டது. ஆனால் செய்த தவறுக்குத் தடை அளவு மீறியது என்பதைச் சட்டப் பிழையாக வாதிடலாம்.

பலரும் கவனிக்காதது 2024 தீர்ப்பு. நீங்கள் நேரில் சாட்சி சொல்லி, "நான் செய்யவில்லை" என்பதை டிரிபியூனல் நம்பினால், டி.பி.எஸ். தவறிவிட்டது என்று முடிவெடுக்கலாம் என்று அப்பீல் கோர்ட் அதில் சொன்னது. அதனால் சாட்சி சொல்லத் தயங்காதீர்கள்.

என் தரப்பைக் கேட்காமலே தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில் போட முடியுமா?

முன்பு சில குற்றங்களுக்கு, போலீஸ் எச்சரிக்கை (குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு கோர்ட்டுக்குப் போகாமல் தருவது) பெற்றிருந்தால்கூட முதலில் தடை, அப்புறம்தான் விளக்கம். நர்ஸ்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2010இல் உயர் நீதிமன்றம் அது நியாயமான விசாரணைக்கான உரிமைக்கு எதிரானது என்றது. 2012 சட்டம் அதை மாற்றியது. மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் இன்னும் கேள்வி கேட்காமல் தடைதான். என் கணக்கில் அதில் தவறில்லை.

எத்தனை வருஷம் கழித்து மறுபரிசீலனை கேட்கலாம்?

தடை வந்தபோது 18 வயதுக்குக் கீழ் என்றால் 1 ஆண்டு, 18 முதல் 24 என்றால் 5, அதற்கு மேல் 10. புதுத் தகவல் கிடைத்தாலோ நிலைமை மாறினாலோ காத்திருக்க வேண்டாம்.

அப்பீல் போட்டிருக்கும்போது வாராவாரம் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் எடுக்கலாமா?

கூடாது. அப்பீல் போட்டதால் தடை நின்றுவிடாது. தன்னார்வப் பணியும் இதில் சேர்த்திதான். மாட்டினால் 5 ஆண்டு வரை சிறை. தெரிந்தே வகுப்பு கொடுத்தால் பள்ளி நிர்வாகிக்கும் சிக்கல்.