தேன்குழலும் ரிஜாயின்டரும்

அன்புள்ள ஐயா,

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலக் கதை ஒன்றில், ஒருவன் பேசி முடித்ததும் ‘ஹி ரிஜாயின்ட்’ என்று வந்தது. ‘மீண்டும் போய்ச் சேர்ந்தான்’ என்று சொல்லிக்கொடுத்தேன். “அவன் எங்கேயும் போகவே இல்லையேம்மா” என்கிறாள். லீவு முடிந்து வேலைக்குப் போகும்போது நான் எழுதிக் கொடுப்பதும் இதே சொல்தானே?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

மகள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். அந்த இடத்தில் அதற்கு, பதிலுக்குப் பதில் சொன்னான் என்று பொருள். எழுத்து ஒன்றுதான். மறுபடி சேர்வதென்றால் ‘ரீ’ என்று நீளும். பதில் சொல்வதென்றால் ‘ரி’ என்று குறுகும்.

இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை. பதில் என்ற பொருள் இங்கிலாந்தின் பழைய கோர்ட்டுப் பேச்சு. வாதி குறையைச் சொல்வார், பிரதிவாதி பதில் சொல்வார், வாதி அதை மறுப்பார். அதற்குப் பிரதிவாதி திருப்பிக் கொடுக்கும் நாலாவது உரைதான் ரிஜாயின்டர்.

எங்கள் வீட்டு வளவில் இந்த நாலையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறேன். விசேஷத்துக்கு வந்த பக்கத்து வீட்டு ஆச்சி தேன்குழலைக் கடித்துவிட்டு, “என்ன இது, கடுக்குன்னு இருக்கு?” என்றார்.

“நேத்துச் சுட்டது ஆச்சி” என்றார் அப்பத்தா.

“எங்க வீட்ல ஒரு வாரமானாலும் பூப்போல உடையும்.”

அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தின்ன ஆளில்லாமத்தானே ஒரு வாரம் கிடக்கு?”

இந்தக் கடைசி வரிதான் அசல் ரிஜாயின்டர். சும்மா பதில் சொல்வது வேறு. எதிராளி சொன்னதையே பிடித்து அவர்மேல் திருப்புகிற சுருக்கு இதில் வேண்டும். ஆனால் நம்மூர் கோர்ட்டுகளில், எதிர்மனுவுக்கு மனுதாரர் தருகிற மறுமொழியையே ரிஜாயின்டர் என்கிறார்கள். அந்தக் கணக்கில் மூன்றாவது வரியே ரிஜாயின்டராகிவிடும். ஆச்சிக்கு அவ்வளவு பெருமையைத் தர எனக்கு மனசில்லை!

இன்னொன்று. ‘டர்’ என்று முடிவதால் ரீடர், ரைட்டர் போல இது ஆளைக் குறிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது பிரெஞ்சு வினைச்சொல்லின் வால். அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது.

பதில் என்ற பொருளில் வரும் வினைச்சொல் இப்போது கதைப் புத்தகங்களில்தான் புழங்குகிறது. ஆபீஸ் மெயிலில் போட்டால் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். அங்கே ‘ரிப்ளை’ போதும்.

நீங்கள் எழுதிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ‘ரீஜாயின் டியூட்டி’ என்று நேராக எழுதுங்கள்; நடுவில் ‘டு’ வேண்டாம். ‘அகெய்ன்’ சேர்ப்பவர்களும் உண்டு. ‘ரீ’யிலேயே மறுபடி வந்துவிட்டது, அப்புறம் எதற்கு?

மகளின் நோட்டில் ‘என்று திருப்பிச் சொன்னான்’ என மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். “அவன் எங்கேயும் போகவே இல்லையேம்மா” என்று உங்களிடம் சொன்னாளே, அதற்கும் அந்தச் சொல் பொருந்தும்.