சட்டமும் காவல்துறையும் இருக்கும்போது, ஊரும் உறவும் ஒரு மனிதனை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்திற்கு விதிக்கப்படும் ஆகப் பெரிய தண்டனை, அந்த வீட்டில் கோயில் வரி வாங்க மறுப்பதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தண்டனையாகவே தோன்றாது. ஆண்டுதோறும் ஊர்க் கோயில் பொங்கல் சாட்டுவதற்கு, அதாவது திருவிழாவை அறிவிப்பதற்கு, முன் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரியை முடிவு செய்வார்கள். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்த வீட்டு முளைப்பாரி ஊர்வலத்தில் வரும், அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரே வரும். வரி வாங்கப்படாத வீட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அரசு நம்மிடமிருந்து பணத்தை வாங்கித் தண்டிக்கிறது. ஊர் வாங்காமலேயே தண்டிக்கிறது.

இதற்கு ஏன் மனிதர்கள் அவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, செய்முறை நோட்டைப் பார்க்க வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என எந்த விசேஷத்திலும் பந்தல் வாசலில் ஒரு மேசை போட்டு, வந்தவரின் ஊர், பெயர், தொகை மூன்றையும் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். பல இடங்களில் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்கவும் செய்வார்கள். அந்தத் தொகை இலவசமாக வருவதில்லை. அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல், இயன்றால் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். இருபது ஆண்டுகளாக ஊரெங்கும் செய்துவந்த ஒரு குடும்பத்துக்கு, தன் மகளின் கல்யாணத்தில் அந்தப் பணம் திரும்ப வரும் என்பதே பெரிய நம்பிக்கை. ஊர் அவர்களைத் தள்ளி வைத்துவிட்டால், வரவேண்டிய அத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போகும். ஊருக்குப் பணிவதை அறியாமை என்று நகரத்து நண்பர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனெனில் பணிகிறவர்கள் மிகத் தெளிவாகக் கணக்குப் பார்த்துத்தான் பணிகிறார்கள்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், சமூகத்தின் அழுத்தம் நாம் அதனோடு ஒத்துப்போகும்வரை நமக்குத் தெரிவதில்லை, எதிர்க்கும்போதுதான் தெரிகிறது என்று விளக்கினார். எங்கள் வீட்டில் அது தெரிந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா மகள் வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டபோது. அந்த ஆண்டு சித்தப்பா வீட்டில் வரி வாங்கவில்லை. யாரும் கல்லெறியவில்லை, யாரும் கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் பேசாமல் கடந்து போனார்கள், அவ்வளவுதான். சித்தப்பா இரண்டு முறை பணத்தை எடுத்துக்கொண்டு மந்தைக்குப் போய், கொடுக்க முடியாமல் திரும்பி வந்தார்.

நானும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போகாதே என்று என்னை ஒருவரும் மிரட்டவில்லை. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குத் தடை வந்துவிடக் கூடாது என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, உரிமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நான், இரண்டு தெரு தள்ளியிருந்த என் சித்தி வீட்டுத் திண்ணையில் இரண்டு ஆண்டுகள் கால் வைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான பதில் இதுதான்: நம்மை நம் கையாலேயே கட்டிக்கொள்ள வைக்கிறார்கள், அதுவும் நாம் நேசிக்கும் ஒருவரின் நன்மையைக் காட்டி.

இதே மண்ணில் வேறொரு கட்டுப்பாடும் முயலப்பட்டது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். எங்கள் பகுதியில் வாழும் பிரமலைக் கள்ளர் சாதி ஆண்களின் கைரேகையைப் பதிவுசெய்து, இரவில் காவல்துறையின் கண்காணிப்பில் இருக்கச் செய்து, வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டைக் கேட்டது அந்தச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுரையில் ரோசாப்பூ துரை என்று அழைக்கப்பட்ட வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. துப்பாக்கிக்குப் பணியாத ஊர்கள் ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தே வந்திருக்கின்றன. காவல்துறையின் பதிவேடு அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே செய்தது. ஊரின் நோட்டு கொடுக்கவும் செய்தது என்பதே காரணம் என நினைக்கிறேன்.

கொடுக்கிற கை என்பதாலேயே அது செய்யும் அநியாயத்தை எதிர்ப்பது கடினம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை: மனுத் தாக்கல் செய்ய யாரும் வரமாட்டார்கள், அல்லது வென்றவர் உடனே பதவி விலகிவிடுவார். சட்டம் பட்டியல் சாதியினர் பக்கம் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வேலை கொடுக்கும் வயலும், நடக்கும் பாதையும் ஊரின் பக்கம் இருந்தன. 2006-இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே தேர்தல் நடந்தது. ஒதுக்கீட்டை அரசு விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பேச்சே தொடங்கியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

தள்ளி வைப்பதையே குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று தமிழகத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. இவற்றை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் பேசாமல் கடந்து போகிறவர் மீது எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

மூன்றாம் ஆண்டு, மந்தையில் ஊரார் முன் விழுந்து மன்னிப்புக் கேட்டு, அபராதமும் கட்டி, மகளோடு உறவில்லை என்று சித்தப்பா சொன்ன பிறகு, வரி வாங்குகிறவர் நோட்டோடு அவர்கள் வாசலில் வந்து நின்றார். சித்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து இரண்டு கைகளாலும் கொடுத்தார். அன்று நானும் அந்த வாசலில் இருந்தேன். சித்தி மகிழ்ச்சியில்தான் அழுதார். உள்ளே சுவரில் மகளின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.