ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கு, எந்த ஸ்கோப்ப வாங்க?

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு செங்கோட்டை பக்கம் புளியரை. தோப்புல டப்பா வச்சு சுடுததுக்கு .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒண்ணு வச்சிருக்கேன். குறி பாக்குததுக்கு ஸ்கோப் போடலாம்னு பாத்தா ரெண்டு மாடல்ல மனசு நிக்கி, ரெண்டுமே 3-9x40 (3-ல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசா காட்டும், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்), விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஒண்ணுல மில்-டாட், அதாவது குறுக்குக் கோட்டுல வரிசையா புள்ளி, இன்னொண்ணுல புள்ளியில்லாத சாதா டூப்ளெக்ஸ் குறுக்குக் கோடு. ஆரியங்காவு மச்சான் மில்-டாட்தான்ங்கான், கூட வேல பாக்குதவன் அதெல்லாம் சும்மா சீனுங்கான். எத வாங்க?

பதில்: மச்சானும் கூட்டாளியும் அவங்கவங்க கண்ணுக்கு சரியாத்தான் சொல்லியிருக்காங்க தம்பி, ஆனா சுடப்போறது நீங்கல்லா. அதுக்கு முன்ன ரெண்டு விஷயம் பாத்துக்கிடுங்க, அதுல நம்ம இஷ்டத்துக்கு வேலையே கிடையாது. ஸ்பிரிங் ரைஃபிள்ல பிஸ்டன் பாஞ்சு போய் முட்டும்போது துப்பாக்கி மொதல்ல பின்னால வந்து ஒடனே முன்னாலயும் ஒரு இழுப்பு இழுக்கும், தோட்டா ரைஃபிளுக்கு செஞ்ச சாதா ஸ்கோப் பின் உதையத்தான் தாங்கும், இந்த முன் இழுப்புல உள்ள இருக்க லென்ஸோ கோடோ ஆட்டங்கண்டுரும். அதனால ஏர் ரைஃபிளுக்கு ஆவும்னு கம்பெனியே சொல்லியிருக்கணும். அடுத்தது பேரலாக்ஸ். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புல அத 100 கஜத்துக்கு செட் பண்ணி விட்டிருப்பான், நீங்க சுடுதது 20, 25 கஜம், தலை லேசா நவுந்தாலே கோடு டப்பாவ விட்டு நவுந்த மாதிரி காட்டும். முன் லென்ஸுகிட்ட திருகுத வளையம் இருந்து, அது 10 கஜம் வரைக்கும் இறங்கணும். ரெண்டுல ஒண்ணு இதுல அடிபட்டுச்சுன்னா பேச்சே முடிஞ்சுது.

ரெண்டும் தேறிச்சுன்னா, ஸ்கோப்ப கடை வாசலுக்கு கொண்டாந்து தூரத்து போர்டு எழுத்த 9-ல வச்சு பாருங்க, நட்ட நடு மத்தியானத்துல இல்ல, நம்ம பக்கம் மலை மேக்க நிக்கதால சாயங்காலம் வெளிச்சம் வெரசா போயிரும்லா, அந்த நேரத்துல. 40-ஐ 9 ஆல வகுத்தா 4.4 மில்லிமீட்டர், கண்ணுக்கு வர்ற ஒளி வட்டம் அவ்வளவுதான், 6-க்கு இறக்குனா சுமார் 6.7 ஆயிரும், மங்கல்ல படம் தெளியும். அப்படியே தலைய கொஞ்சம் முன்ன பின்ன, இடது வலதுன்னு ஆட்டிப் பாருங்க, ஒரு ஸ்கோப்புல ஓரத்துல கருப்பு சட்டுனு ஏறும், இன்னொண்ணு பொறுத்துப்போவும். எனக்கு இதுதான் மொத விஷயம், விலையெல்லாம் அப்புறம். மூடிய கழட்டி, குறிய நவுத்துத குமிழயும் திருகிப் பாருங்க, ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்கு தெரியணும். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ.ன்னா ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) கிளிக்குன்னா 25 கஜத்துல ஒரு இஞ்ச் நவுத்த சுமார் 16 கிளிக் வேணும், வழுவழுன்னு ஓடுனா எண்ண முடியாது.

புள்ளியா கோடான்னு கேட்டீங்கல்லா, ஒரே தூரத்துல டப்பா சுடுததுக்கு டூப்ளெக்ஸ் போதும், என் கண்ணுக்கு புள்ளிக் கூட்டம் எரிச்சல். தூரத்த மாத்தி மாத்தி சுட்டா பெல்லட் கீழ இறங்கும், அப்ப புள்ளிய வச்சு ஏத்திப் பிடிக்க மில்-டாட் ஒதவும், ஆனா விலை கம்மி ஸ்கோப்புகள்ல பெரும்பாலும் புள்ளி இடைவெளி ஏதோ ஒரு பவர்லதான் சரியா வரும், அதையும் கேட்டுக்கிடுங்க. சாரல் மாசத்துல வெளி லென்ஸ்ல படியுத நீராவிய துடைச்சுரலாம், உள்ள படிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது, நைட்ரஜன் அடைச்சதான்னு விசாரிங்க.

கேள்வி: வயல்ல மயில் தொல்லை தாங்கல, இதே ஸ்கோப்ப போட்டு ரெண்டு தட்டு தட்டலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மயில் முதல் அட்டவணை, ஏர் ரைஃபிளா இருந்தாலும் கேஸ் கேஸுதான்.

கேள்வி: பொண்ணு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு பழகுதா. அவளுக்கும் ஒரு ஸ்கோப் வாங்கிக் குடுத்துரவா?

பதில்: வாங்காதீங்க, அந்தப் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. துளை வழியா பாக்குத பீப் சைட்தான், நடுவுல இருக்க 10 பாயிண்ட் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்த காச பெல்லட்டுக்கும் ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கும் வைங்க.