ஊட்டியில் எவ்வளவு குளிரும்? கோவையிலிருந்தே கணக்குப் போடலாம்

கேள்வி: ஜனவரியில் குழந்தைகளோடு கோவையிலிருந்து ஊட்டி போகிறோம். கோவை வெப்பநிலையை வைத்து அங்கே எவ்வளவு குளிரும் என்று கணக்கிட முடியுமா? மேலே போனால் சூரியனுக்குக் கிட்டேதானே போகிறோம், பிறகு ஏன் குளிர்கிறது? போன முறை விமானத்தில் 39,000 அடியில் வெளியே மைனஸ் 48 டிகிரி என்று திரையில் காட்டியது. இன்னும் மேலே போனால் குறைந்துகொண்டே இருக்குமா?

பதில்: சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. அதில் இரண்டு கிலோமீட்டர் கிட்டே போவது ஒரு கணக்கே இல்லை. வெயிலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது. தரையிலிருந்துதான் காற்றுக்குச் சூடு ஏறுகிறது. அப்படிச் சூடான காற்று மேலே எழும்போது, அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரிந்தால் குளிரும். அதனால் உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். காற்று வறண்டிருந்தால் கொஞ்சம் அதிகமாகவும், மேகமும் மழையுமாக இருந்தால் குறைவாகவும் இறங்கும்.

இனி உங்கள் கணக்கு. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240. வித்தியாசம் 1,830 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 டிகிரி. கோவையில் மதியம் 30 என்றால் ஊட்டியில் 18 அல்லது 20. ஒரு ஸ்வெட்டர் போதும்.

இரவில்தான் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். கோவையில் விடியற்காலை 18 டிகிரி, அதில் 12 போனால் 6 என்று நினைத்துக் கிளம்புவீர்கள். அங்கே புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அப்போது அடியில் குளிர், கொஞ்சம் மேலே கதகதப்பு என்று எல்லாம் தலைகீழ். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழுவது இதனால்தான். அதனால் தங்கும் அறை பதிவு செய்யும்போது ஊட்டியா குன்னூரா என்பதோடு, பள்ளத்திலா சரிவின் மேலேயா என்றும் கேளுங்கள். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்து, காற்றும் அசையாவிட்டால், அன்று இரவு குல்லாவும் காலுறையும் கட்டாயம். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பயமில்லை.

இன்னொன்று: வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழற்கூண்டுக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கும். அது 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். செயலியில் 3 என்று பார்த்துவிட்டு, உறைபனியெல்லாம் கிடையாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, விமானத்துக்கு வருவோம். 39,000 அடி என்பது ஏறத்தாழ 11.9 கிலோமீட்டர். 6.5-ஆல் பெருக்கினால் 77. தரையில் 29 டிகிரி என்று வைத்துக் கழித்தால், நீங்கள் பார்த்த அதே மைனஸ் 48! ஆனால் இது முடிவில்லாமல் போகாது. நம் தலைக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் வரை குறைந்து, மைனஸ் 80-ஐத் தொட்டு நின்றுவிடும். துருவங்களில் இந்த எல்லை 8, 9 கிலோமீட்டரிலேயே வந்துவிடுவதால், அங்கே அந்த எல்லையில் இவ்வளவு குளிர் பெரும்பாலும் இருக்காது. வெயில் நாட்டுக்கு மேலேதான் இந்தக் கடுங்குளிர் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கோடை இடிமேகங்களின் உச்சி தட்டையாகப் பரவுவதும் இந்த எல்லையில் முட்டித்தான்.

அதற்கு மேலே உள்ள அடுக்கில் வெப்பம் திரும்ப ஏறுகிறது. 1902-இல் தெசரான் த போர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கருவி கட்டிய பலூன்களை அனுப்பி இப்படி ஓர் அடுக்கு தனியே இருப்பதை அறிவித்தார். ஓசோன் புற ஊதாக் கதிர்களை விழுங்கிச் சூடாவதால், 50 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்புறம் மீண்டும் இறங்கி, 85 கிலோமீட்டர் வாக்கில் மைனஸ் 90. அதற்கும் மேலே ஆயிரம் டிகிரியைக்கூடத் தாண்டும். ஆனால் காற்றே இல்லாத குறையாக இருப்பதால் அந்தச் சூடு உடம்பில் உறைக்காது.

ஓசோன் எல்லாப் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிடுவதில்லை. மிச்சம் கீழே வருகிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் அது சுமார் 10 சதவீதம் அதிகமாகும். குளிர்கிறதே என்று பகலில் குழந்தைகளை வெறுந்தலையோடு வெயிலில் விளையாட விட்டால், மாலையில் மூக்கும் கன்னமும் எரியும். ஸ்வெட்டரோடு தொப்பியும் சன்ஸ்கிரீனும் பையில் இருக்கட்டும்.