சொல்ல வருவது தெரிகிறது, சொல்லத்தான் வரவில்லை

வாசகர் கேள்வி பதில்: குழந்தைகளின் மொழி வளர்ச்சிக் கோளாறும் மூளையும்

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. உச்சரிப்பில் குறை இல்லை. ஆனால் "அண்ணன் எனக்குப் பந்து கொடுத்தான்" என்பதை "நான் அண்ணன் பந்து கொடுத்தான்" என்கிறான். பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் "அது வந்து, அது வந்து" என்று பாதியில் நின்றுவிடுகிறான். காதைச் சோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். பட அட்டைப் புதிர்களை அவன் அண்ணனைவிட வேகமாகச் சேர்த்துவிடுகிறான். வகுப்பாசிரியையோ "பையன் கொஞ்சம் மந்தம்" என்கிறார். இவனுக்கு என்னதான் குறை?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: குழந்தையைப் பார்க்காமல் ஒரு கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்ற ஒன்றை நேரில் ஆராய வேண்டியதன் தேவையைக் காட்டுகின்றன. காது நன்றாகக் கேட்டும், ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ மூளைக் காயமோ இல்லாதிருந்தும், தாய்மொழியின் சொற்களையும் வாக்கிய அமைப்பையும் கற்றுக்கொள்வதில் ஒரு குழந்தை தொடர்ந்து தடுமாறி, அந்தத் தடுமாற்றம் படிப்பையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்குமானால் அதற்கு இந்தப் பெயரை வழங்குகிறார்கள். முன்பு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாரத்தி பிஷப் முன்னின்று, ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த 57 வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, 2017-இல் இந்தப் பெயரைப் பொதுவாக்கினார்கள். மொழியைத் தவிர மற்ற அறிவுத்திறன் எல்லாம் சராசரியாக இருந்தால்தான் இந்தக் கோளாறு என்று ஏற்பது என்ற பழைய நிபந்தனையையும் அப்போதே கைவிட்டார்கள். அந்த நிபந்தனையால் உதவி கிடைக்காமல் போன குழந்தைகள் பலர்.

இது அரிதான ஒன்றும் அல்ல. அமெரிக்காவின் அயோவா பகுதியில் மழலையர் வகுப்புக் குழந்தைகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் புரூஸ் டாம்ப்ளின் குழுவினர் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கு இது இருந்தது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோரில், தம் பிள்ளைக்குப் பேச்சிலோ மொழியிலோ சிக்கல் இருப்பதாக அதற்கு முன் யாராவது சொல்லக் கேட்டிருந்தவர்கள் 29 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றப் பிள்ளைகள் சோம்பேறி, கவனம் இல்லாதவன், கூச்ச சுபாவம் என்ற பெயர்களோடு உலவிக்கொண்டிருந்திருக்க வேண்டும். உங்கள் ஆசிரியை சொன்ன சொல்லும் அந்த வரிசையில் சேர்வதுதான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும்.

அவர் அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இக்குழந்தைகளில் பலருக்குச் சொல்வதில் மட்டுமல்ல, கேட்டுப் புரிந்துகொள்வதிலும் இடறல் உண்டு. "சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவு" என்றால், காதில் விழுந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கழுவப் போவான். பார்ப்பவருக்கு அது கீழ்ப்படியாமை. உங்கள் மகனின் வாக்கியத்தில் "எனக்கு" என்ற நான்காம் வேற்றுமை "நான்" ஆகிவிட்டதையும் கவனியுங்கள். யார், யாருக்கு என்பதைத் தமிழ் உருபில்தான் சுமக்கிறது. வாக்கியத்தில் ஓர் ஓரமாக, அழுத்தமில்லாமல் ஒலித்துப் போகும் அந்தச் சிறு ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அவனுக்குக் கடினமாக இருக்கிறது போலும்.

நேரில் போனால், பொருளற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவார்கள். "தமிலு", "பெகுமோரி", "நடிசலுபேகா" என்பது போல. முதல் சொல்லைச் சொல்லிவிடும் குழந்தை, அசைகள் கூடும்போது சிதறிவிடும். புதிய ஒலிக்கோவையைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்திவைக்கும் திறன் எவ்வளவு என்பதை இது காட்டும். ஒவ்வொரு புதுச் சொல்லும் முதன்முறை காதில் விழும்போது பொருளற்ற ஒலிதானே! இதோடு, படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வது, கட்டளைகளைப் புரிந்து செய்யச் சொல்வது ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். நீங்கள் பார்க்கும் பேச்சு-மொழிப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்திலும், மைசூருவின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

ஸ்கேனைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பேச்சுக்கு மூளையின் இடப்புறம் உள்ள புரோக்கா பகுதிதான் பொறுப்பு என்று படித்தேன். அப்படியானால் இக்குழந்தைகளுக்கு அந்தப் பகுதியில்தான் பழுதா? பழுது இருந்தால் ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை?
– உளவியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் சொல்ல முடியாதவர். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது இடது முன்மூளையில் சிதைவு இருந்தது. பேச்சுக்கு ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. ஆனால் அது வளர்ந்த மனிதரின் மூளை. கட்டி முடித்துக் குடியேறிய வீட்டில் விழுந்த இடி. பிறப்பை ஒட்டிப் பக்கவாதத்தால் இடது அரைக்கோளத்தில் பெருஞ்சேதம் அடைந்த குழந்தைகள் பலர், சற்றுத் தாமதித்தாலும், பேசக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். வலப்புறம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஓட்டை உள்ள மூளை பேசிவிடுகிறது. ஓட்டையே இல்லாத மூளை தடுமாறுகிறது. ஆகவே ஓரிடத்துப் பழுது என்ற படம் இங்கே பொருந்தாது.

வேறு திசையைக் காட்டியது லண்டனில் வாழ்ந்த ஒரு குடும்பம். ஆய்வுலகம் அவர்களைக் கே.ஈ. குடும்பம் என்று மட்டுமே குறிக்கிறது. மூன்று தலைமுறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சிலும் இலக்கணத்திலும் கடுமையான சிக்கல் இருந்தது. 2001-இல், ஏழாம் குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்-பி2 என்ற மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்ததுதான் காரணம் என்று சைமன் ஃபிஷர், ஆன்டனி மோனாகோ ஆகியோரின் குழு கண்டறிந்தது. உடனே செய்தித்தாள்கள் "மொழி மரபணு" என்று முழங்கின. அது மிகை. இந்தக் கோளாறு உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லை. குடும்பவழி வரும் போக்கு இருந்தாலும், சிறிதுசிறிதாகப் பங்களிக்கும் பல மரபணுக்களின் கூட்டு விளைவாகவே அதைக் கருதுகிறார்கள். அக்குடும்பத்தில் என்னை ஈர்ப்பது வேறொன்று. பாதிக்கப்பட்டவர்களின் மூளையில், ஆழத்தில் வால் போல் வளைந்து கிடக்கும் காடேட் என்ற உட்கரு அளவில் சிறுத்திருந்தது.

காடேட் உட்கரு பேச்சுக்கென்றே ஆனதன்று. சைக்கிள் ஓட்டுவதுபோல், விதியை யாரும் சொல்லித்தராமலே திரும்பத் திரும்பச் செய்து பழகும் கல்விக்கு உதவும் சுற்றில் அது ஓர் உறுப்பு. இலக்கணமும் அப்படித்தான் வருகிறது. "மரம்" என்பதோடு "ஐ" சேர்ந்தால் "மரத்தை" ஆகும் என்று மூன்று வயதுக் குழந்தைக்கு யாரும் சூத்திரம் சொல்வதில்லை. மைக்கேல் உல்மன், எலிசபெத் பியர்பான்ட் இருவரும் 2005-இல் முன்வைத்த கருதுகோள், சிக்கல் இந்தப் பழகுகல்விச் சுற்றில் இருக்கலாம் என்பது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் 2022-இல் சலோனி கிருஷ்ணன், கேட் வாட்கின்ஸ் ஆகியோரின் குழு சிறப்பு வகை எம்.ஆர்.ஐ. கொண்டு பார்த்தபோது, நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் என்ற கொழுப்புறையின் அளவு இக்குழந்தைகளின் காடேட் பகுதியில் குறைவாக இருந்தது. இது கோளாறு உள்ள குழுவுக்கும் இல்லாத குழுவுக்கும் இடையே எடுத்த சராசரி வேறுபாடு. தனியொரு குழந்தையின் ஸ்கேனைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. திண்டுக்கல் வாசகி எடுத்த சாதாரண ஸ்கேன் இத்தகைய வேறுபாட்டைக் காட்டாது. வலிப்பு, கற்ற பேச்சை இழத்தல் போன்ற அறிகுறிகள் இருந்தாலொழிய அந்தச் செலவு பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம்.

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். மூன்று மொழிகளால்தான் என் மகள் குழம்புகிறாள். வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார்கள். செய்யட்டுமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டாம். பல மொழிகள் இந்தக் கோளாற்றை உண்டாக்குவதில்லை. கோளாறு இருந்தால் அது குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தலைகாட்டும்; ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறித் தமிழில் சரளமாகக் கதை பேசுகிறாள் என்றால், அது ஆங்கிலம் போதவில்லை என்பதே தவிர கோளாறு அன்று. கனடாவில் ஜோஹான் பாராடிஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், கோளாறு உள்ள இருமொழிக் குழந்தைகள், அதே கோளாறுள்ள ஒருமொழிக் குழந்தைகளைவிட இலக்கணத்தில் கூடுதலாகப் பிழை செய்யவில்லை. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் அவளோடு நிறையப் பேசுங்கள்.

கேள்வி: முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். மொழி இல்லாமல் சிந்தனையே இல்லை என்று நம்பிவந்தேன். மொழி தடுமாறும் குழந்தையின் சிந்தனை தடுமாறாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் பாடத்திலிருந்தே விடை சொல்லலாம். பிரிட்டனில் ரோஸ்மேரி வார்லி குழுவினர், மூளைப் பாதிப்பால் இலக்கணத்தை ஏறக்குறைய முழுதும் இழந்த மூன்று பேரை ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். சிங்கம் மனிதனைக் கொன்றதா, மனிதன் சிங்கத்தைக் கொன்றானா என்பதை வாக்கியத்திலிருந்து அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 10-இலிருந்து 5-ஐக் கழிப்பதும் 5-இலிருந்து 10-ஐக் கழிப்பதும் ஒன்றல்ல என்று தெரிந்திருந்தது. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் செய்தார்கள். வரிசை மாறினால் பொருள் மாறும் என்ற அறிவு, வாக்கியத்தில் அழிந்தும் எண்ணில் மிஞ்சியிருந்தது. மொழிக்கென்று மூளையில் ஒரு வலையும், கணக்கு, தர்க்கம் போன்றவற்றுக்கு வேறு வலைகளும் இருக்கின்றன என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனாலும் உங்கள் நம்பிக்கையை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் மொழியோடு வளர்ந்து, கணிதம் கற்று, பின்னர் மொழியை இழந்தவர்கள். குழந்தையோ கணக்கைக்கூட வாக்கியத்தின் வழியாகத்தான் கற்கிறது. "ராமுவிடம் இருந்ததைவிட மூன்று குறைவான மாம்பழங்கள் சீதாவிடம் இருந்தால்" என்று நாம் தொடங்கும்போதே அந்தப் பிள்ளை விழுந்துவிடுகிறது. விடைத்தாளில் அது கணக்குப் பிழையாகத் தெரியும். அதே கணக்கை மாங்கொட்டைகளை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. பத்துப் பதினைந்து சொற்கள்தாம் சொல்கிறான். குமரகுருபரரே ஐந்து வயதில்தானே வாய் திறந்தார், ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று வீட்டில் வசம்பு தடவிக்கொண்டிருக்கிறோம். காத்திருக்கலாமா?
– ஒரு தாத்தா, தூத்துக்குடி

பதில்: திருச்செந்தூர் உங்களுக்குப் பக்கம்தான், முருகனை வேண்டிக்கொள்ளுங்கள், அதோடு காதுப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருந்தாலும், அது நாக்கின்மேல் படும். மொழி கற்கும் வேலை மூளையில் நடக்கிறது. இரண்டு வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகவும், "அம்மா வா" என்பதுபோல் இரு சொற்களைச் சேர்க்காமலும் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள் என்பது உண்மை. எட்டாதவர் யார் என்பதை இந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கைந்து வயதிலும் தொடர்ந்தால்தான் கோளாறு என்ற பெயரைப் பெரும்பாலும் வைக்கிறோம். ஆனால் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சுட்டிக்காட்டுவதில்லை, பேசிய சொற்களை இழந்துவிட்டான், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தது என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இடையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காமல், அவன் பார்ப்பதைப் பார்த்து, அவன் சொன்னதற்கு ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அவன் "நாய்" என்றால் நீங்கள் "ஆமா, நாய் ஓடுது" என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அவன் ஏதாவது சொல்ல வாய்ப்பு இருக்கட்டும்.