பதில்: அடிபட்ட பிறகு கணவருக்குக் கிண்டல் புரியவில்லை

சகோதரி, தலையில் அடிபட்ட உங்கள் கணவர் நன்றாகவே பேசுகிறார், ஆனால் லேட்டாக வரும்போது "ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே" என்று குத்தலாகச் சொன்னால் நிஜப் பாராட்டென்று சிரிக்கிறார் என எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்றே செய்யவில்லை அவர். சொல்லின் நேர்ப்பொருள் புரிவது வேறு. குரல், முகம், சூழல் மூன்றையும் சேர்த்து உள்ளர்த்தம் பிடிப்பது வேறு. இரண்டாவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்குண்டு. அடிபடும்போது அந்தப் பகுதிதான் எளிதில் சேதமாகும்.

வழக்கமான மொழிப் பரிசோதனையில் இது தப்பிவிடும். (என் அண்ணனுக்கும் 'நார்மல்' என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்!) பேச்சு சிகிச்சையாளரிடம், கிண்டல், மறைமுகப் பேச்சு புரிகிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இதற்கென்றே 'டாசிட்' (TASIT) என்று ஒரு சோதனை உண்டு. நடிகர்கள் பேசும் வீடியோவைக் காட்டி, சொன்னவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

அதுவரை, "லேட்டாயிடுச்சு, எனக்குக் கோபம்" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். கவனம் சிதறாமல் இருக்க, டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.